தோளைக் கரைத்த யோகன்

தங்கையின் மகன் கிளிநொச்சியில் ஒரு ஜிம்முக்குப் போகிறான். போன மாதம் நான் அங்கே போய் நின்றபோது, சின்ன வாளியளவு பிளாஸ்டிக் போத்தல் ஒன்றைக் குசினி மேசையில் வைத்துத் திறந்தான். உள்ளே மா. இரண்டு கரண்டி அள்ளித் தண்ணீரில் போட்டுக் குலுக்கினான். "மாமா, மணந்து பாருங்கோ, வனிலா" என்றான். மணந்து பார்த்தேன். வனிலா மேலோட்டமாக இருந்தது. அதற்குக் கீழே வறுத்த சோயாவும் பால்மாவும் கலந்த பழைய வாசனை ஒன்று கிடந்தது. எனக்கு அது எங்கே மணந்த மா என்று உடனே பிடிபட்டுவிட்டது. கிளினிக்கில் கர்ப்பிணித் தாய்மாருக்குக் கொடுக்கும் சத்துமா.

சிரிக்காதீர்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் முரசுமோட்டையில் நானும் என் சிநேகிதன் யோகனும் அந்தச் சத்துமாவைத் தின்றுதான் உடம்பு வளர்த்தோம். சரியாகச் சொன்னால் அவன் வளர்த்தான், நான் தின்றேன்.

மா எங்களுக்கு வந்த வழியும் நேர்மையானதுதான். பல தாய்மாருக்கு அதன் மணமே வாந்தி வரவைக்கும். யோகன் அந்த வீடுகளுக்குப் போய் விறகு கொத்திக் கொடுப்பான், கிணற்றில் தண்ணீர் அள்ளி நிரப்புவான், திரும்பும்போது கையில் ஒரு பைக்கற் இருக்கும். கொத்துவதும் அள்ளுவதும் அவனுக்கு எப்படியும் பயிற்சிதானே. ஊரில் யார் முழுகாமல் இருக்கிறார்கள் என்பது மருத்துவிச்சிக்குத் தெரியும் முன்பே எங்களுக்குத் தெரிந்துவிடும். இரண்டு குமர்ப் பெடியங்கள் அந்தச் செய்தியில் அவ்வளவு அக்கறை காட்டியதைப் பற்றி ஊர் என்ன நினைத்ததோ, யாரும் எங்களிடம் கேட்கவில்லை.

எங்கள் ஜிம் பூட்டிக்கிடந்த அரிசி ஆலையின் பின் தாழ்வாரம். போர்க்காலத்தில் எங்கள் பக்கத்துக்கு டீசல் வர அரசாங்கம் தடை போட்டதோடு ஆலை நின்றுவிட்டது. முதலாளி கொழும்புப் பக்கம் போய்விட்டார். உமிக் குவியல் மட்டும் அப்படியே கிடந்தது, மழை பெய்தால் புளித்த மணம் வரும். பாரம் தூக்கும் தடி ஒரு பழைய மாட்டுவண்டில் அச்சு. அதன் இரண்டு பக்கமும் மாட்டுவதற்கு ஆலையில் கழித்துப் போட்ட பற்சில்லுகள் இருந்தன. அதற்கு மேல் பாரம் வேண்டுமென்றால் தண்டவாளத் துண்டுகளைக் கம்பியால் கட்டித் தொங்கவிடுவோம். ரயில் ஓடாத ஊரில் தண்டவாளத்துக்கு வேறு என்ன வேலை? சீமெந்தால் வார்த்தால் வட்டமாக, வடிவாக இருக்கும் என்று யோகனுக்கு ஆசை. சீமெந்தும் தடைப் பட்டியலில் இருந்தது. உரமும் பற்றரியும் சவர்க்காரமும் அதில் இருந்தன. புயத்துக்குத் தடை போட யாருக்கும் தோன்றவில்லை. யாரிடமும் பாஸ் எடுக்காமல் நாங்கள் கூட்டக்கூடியதாக அந்தக் காலத்தில் இருந்தது அது ஒன்றுதான் என்று யோகன் சொல்வான். சொல்லிவிட்டு அச்சைத் தூக்குவான்.

அவனுக்கு வழிகாட்டி மட்டை கிழிந்த ஓர் இங்கிலீஷ் சஞ்சிகை. எங்கோ சாமான் சுற்றிவந்தது. அகராதியை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தான். ஒரே தசையை நாள்தோறும் போட்டு வதைக்கக்கூடாது, வளர்வது தூக்கும்போது அல்ல, தூங்கும்போது என்று அதில் இருந்தது. இது எனக்கு மிகவும் பிடித்துப்போனது. தூங்கும் பகுதியை நான் ஒருநாளும் தவறவிட்டதில்லை. அதில் சொல்லியிருந்த மாட்டிறைச்சியை எங்கள் வீடுகளில் பெயர் சொல்லிக்கூடக் கேட்க முடியாது. அதற்குப் பதிலாகக் குளத்து மீன். யாழ்ப்பாணத்திலிருந்து வயலை நம்பி வந்து குடியேறிய எங்கள் சனத்துக்குக் குளத்து மீன் என்றால் ஓர் இளக்காரம், சேறு மணக்கும் என்பார்கள். யோகன் அதை மிளகும் புளியும் போட்டு அவித்து, முள்ளை மட்டும் மிச்சம் விடுவான். பிறகு ஊறவைத்த கச்சான் கடலை, முளைவிட்ட பயறு, உழுத்தங்களி, கிடைக்கிற நாளில் முட்டை. முட்டையைப் பச்சையாகக் குடிப்பது வீண், அவித்தால்தான் உடம்பில் சேரும் என்று அவன் அந்த நாளிலேயே சொன்னான். எல்லோரும் பச்சையாகக் குடித்துக்கொண்டிருந்த காலம். போன மாதம் தங்கையின் மகன் இதையே புதுச் செய்தியாகச் சொன்னபோது, நானும் புதிதாகக் கேட்பதுபோலத் தலையாட்டினேன்.

நான்கைந்து வருடத்தில் யோகன் வேறு ஆளாகிவிட்டான். சேட்டின் கையை முழங்கைக்கு மேல் ஏற்ற முடியாது. கழுத்திலிருந்து தோளுக்கு இறங்கும் இடத்தில் இரண்டு மேடு. அச்சைச் சாக்கால் சுற்றிப் பிடரியில் வைத்துக் குந்தி எழும்புவதால் அங்கே ஒரு கறுத்த தடம் விழுந்திருந்தது. உள்ளங்கையில் நான்கு விரலுக்கும் கீழே காய்ப்பு. வயலில் அவன் நெல் மூட்டையை எடுத்து வைக்கும்போது வேலை செய்கிற மற்றவர்கள் நின்று பார்ப்பார்கள். அதே அச்சை, அதே சில்லுகளை, அதே தாழ்வாரத்தில் நானும் தூக்கினேன். என்னைப் பார்த்து என் அம்மா, "காய்ச்சல் கீச்சல் ஒண்டும் இல்லையே?" என்று கேட்டா.

ஊர் முழுக்கப் பார்த்த அந்த உடம்பைப் பார்க்காத ஒரே ஆள் யோகனின் அம்மா. நான் மாமி என்று கூப்பிடுவேன். யோகனுக்குத் தகப்பன் இல்லை, கூடப்பிறந்தவர்களும் இல்லை. அவனும் மாமியும்தான் அந்த வீட்டில். அவன் பாரம் தூக்கத் தொடங்கிய நேரத்தில் மாமியின் கண்களில் வெள்ளை படரத் தொடங்கியிருந்தது. அவன் உடம்பு ஏற ஏற அது மூடிக்கொண்டு வந்தது. கடைசியில் வாசலில் ஆள் நிற்பது ஒரு நிழலாகத் தெரியும், அவ்வளவுதான். யோகன் அவவின் அலுமாரிக் கண்ணாடிக்கு முன் நின்று புயத்தை மடக்கிப் பார்ப்பான். அதே அறையில் மாமி கட்டிலில் இருந்து, "ஆரது, யோகனே?" என்று கேட்பா.

ஊர்ப் பெண்கள் வந்து கதைக்கும்போது யோகனின் உடம்பைப் பற்றித்தான் சொல்வார்கள். மாமி அதைக் கேட்டுக் கேட்டுச் சேர்த்து வைத்திருந்தா. "வவுனியாவில கொண்டுபோய்க் கண்ணை வெட்டினா வெளிச்சம் வருமாமே தம்பி" என்று ஒருநாள் என்னிடம் கேட்டா. வரும் என்றேன். "வந்தா முதல் அவனைத்தான் நான் பாக்கவேணும். ஊரே சொல்லுது. பெத்தவள் நான் இன்னும் பாக்கேல்ல."

சரி, போவோம் என்று தீர்மானித்தோம். வவுனியா இராணுவத்தின் பிடியில், எங்கள் ஊர் இயக்கத்தின் பிடியில்; இந்தப் பக்கத்தை விட்டுப் போக இயக்கத்திடம் பாஸ் எடுப்பதே ஒரு பாடு. அதை யோகன் எப்படியோ எடுத்துவிட்டான். அந்தக் கிழமையில்தான் பரமசிவத்தார் வந்தார். சைக்கிளில் வவுனியாவுக்குப் போய்ச் சவர்க்காரம், மெழுகுதிரி என்று கொண்டுவந்து விற்கிறவர். எல்லையின் நெளிவுசுளிவு எல்லாம் தெரிந்தவர். யோகனை மேலும் கீழும் பார்த்தார்.

"நீயோ கூட்டிக்கொண்டு போகப்போறாய்?"

"ஓம் அண்ணை. வேற ஆர் இருக்கினம்?"

"அங்க ஆமிக்காரன் சேட்டைக் கழட்டச் சொல்லுவான். தோளைப் பாப்பான், முழங்கையைப் பாப்பான், உள்ளங்கையை விரிச்சுப் பாப்பான். உன்ர பிடரியில கிடக்கிற கறுப்பைக் கண்டானெண்டா வண்டில் அச்சு எண்டு நினைக்கமாட்டான் தம்பி. துவக்குக் காவின தோளெண்டுதான் நினைப்பான்."

அவர் மிகைப்படுத்தவில்லை. துப்பாக்கி பிடித்த இயக்கக்காரன் என்று விசாரணைக்கு மறித்துவைத்தால் எப்போது விடுவார்கள் என்பது மறித்தவருக்கே தெரியாது. திரும்பி வராதவர்களும் இருந்தார்கள்.

நான் மாமியைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். என் தோளைப் பார்த்து யாரும் எதையும் நினைக்கப்போவதில்லை. மாமி மறுத்துவிட்டா. "நீ நல்ல பிள்ளைதான் மோனை. ஆனா கண்ணைக் கட்டிவிட்டாப் பிறகு பிறத்தியான்ர கையைப் பிடிச்சுக்கொண்டு நான் கக்கூசுக்குப் போகமாட்டன்." அதற்கு மேல் யாரும் கதைக்க முடியாது. யோகன் இரண்டு நாள் அச்சைத் தொடவில்லை. மூன்றாம் நாள் தாழ்வாரத்துக்கு வந்து, அச்சிலிருந்து சில்லுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுவரோரம் அடுக்கினான்.

"இறக்குவம் மச்சான்" என்றான்.

பாரத்தை என்று நினைத்தேன். உடம்பைச் சொல்லியிருக்கிறான்.

ஏற்றுவதற்கு எத்தனை ஒழுங்கு வைத்திருந்தானோ அத்தனை ஒழுங்கு இறக்குவதற்கும் வைத்தான். சஞ்சிகையில் என்னென்ன செய்யாதே என்று இருந்ததோ அவற்றையெல்லாம் செய்தான். மீன் இல்லை, கச்சான் இல்லை, பயறு இல்லை. காலையில் ஒரு சிரட்டை கஞ்சி, பின்னேரம் இன்னொன்று. வெறும் வயிற்றோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு பூநகரிப் பக்கம் போவான். அங்கே அவனுக்கு ஒரு வேலையும் இல்லை. எதிர்க்காற்றில் மிதித்துப் போய், திரும்பி மிதித்து வருவான். நித்திரையைக் குறைத்தான். தசை கரைவதற்கு முன் முகம் கரைந்தது. பிறகு கை. தோள் மட்டும் இறங்க மறுத்தது. ஒரு பின்னேரம் தாழ்வாரத்தில் நின்று அதைத் தடவிப் பார்த்துக்கொண்டு, "விட்டுப் போகமாட்டன் எண்டு நிக்குது" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது.

அவனுக்கு வந்த முட்டைகளும் சத்துமாவும் இப்போது எனக்கு வந்தன. முழுக்கத் தின்றேன். இந்த இடத்தில் நான் பருத்தேன் என்று எழுத ஆசைதான். பருக்கவில்லை.

பிடரியின் கறுப்புக்குத் தேசிக்காய்ப் பாதியைத் தேய்த்தான். கைக் காய்ப்புக்கு அரிசி கழுவிய தண்ணீரைச் சுடவைத்து அதில் கையை ஊறப்போட்டு, செங்கல் துண்டால் உரஞ்சி, ஆமணக்கெண்ணெய் பூசினான். புதிதாகக் காய்ப்பு விழுந்துவிடும் என்று மண்வெட்டியையே தொடவில்லை. அவனுடைய வயலின் வரம்பை நான்தான் கட்டினேன். கடைசியில் உள்ளங்கை எழுத்துவேலை செய்கிறவனின் கைபோல வழுவழுவென்று வந்தது. தடவிப் பார்த்து இருவரும் திருப்திப்பட்டோம். இரண்டு புத்திசாலிகள்.

மாமிக்கு இதில் ஒன்றும் தெரியாது. யோகன் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சொன்னால் வரமாட்டா, குருடாகவே இருந்துவிடுவா என்று இருவருக்கும் தெரியும். ஆனால் காது இருந்ததே. சாப்பாட்டுக் கோப்பையில் சோறு அளையும் சத்தம் குறைந்ததும், அவன் பகலில் சோர்ந்து படுப்பதும், மண்வெட்டி மூலையிலேயே கிடப்பதும் அவவுக்கு விளங்கியது. "ஆரும் பெட்டை கிட்டை ஏமாத்திப்போட்டாளோ?" என்று என்னிடம் இரகசியமாகக் கேட்டா. நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவ தானே ஒரு பெட்டையைக் கற்பனை செய்து, கொஞ்சநாள் அவளைத் திட்டிக்கொண்டிருந்தா.

நாங்கள் மூவரும் புறப்பட்ட நாளில் மாங்குளம் வரை பஸ் கிடைத்தது. அதற்கு அங்கால் லொறி, பிறகு வெயிலில் நடை. மாமி யோகனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்தா. கரைந்துபோன மேல்கையைப் பிடித்துவிடக் கூடாதென்று அவன் முழங்கையை நீட்டிக் கொடுத்திருந்தான். இராணுவச் சாவடியில் வரிசை. முதலில் நான். சிப்பாய் என் சேட்டைக் கழற்றச் சொன்னான், பார்த்தான், கையை ஒருமுறை திருப்பினான், போ என்று தலையால் காட்டினான். சந்தையில் மாடு பார்க்கிற அளவு நேரம்கூட என்னைப் பார்க்கவில்லை. நான்கைந்து வருடம் பாரம் தூக்கியவனுக்கு அது கொஞ்சம் அவமானமாக இருந்தது என்பதை உங்களிடம் ஒளிப்பானேன்.

யோகன் சேட்டைக் கழற்றினான். தோள் சாதாரணத் தோள். பிடரியில் இலேசான நிறமாற்றம், வெயில் என்று சொல்லலாம். முழங்கை, முழங்கால் எல்லாம் சரி. அப்போது சிப்பாய் அவன் கையைப் பிடித்து உள்ளங்கையை விரித்தான். பெருவிரலால் தேய்த்தான். இன்னொரு முறை தேய்த்தான். அடையாள அட்டையோடு இருந்த கிராம சேவகரின் கடிதத்தைப் பார்த்துச் சிங்களத்தில் ஏதோ கேட்டான். பக்கத்தில் நின்ற மொழிபெயர்ப்பாளர் ஒரு தமிழ்ப் பெடியன். குரலில் ஒன்றும் காட்டாமல் சொன்னான்:

"விவசாயம் எண்டு எழுதியிருக்காம். இது மண்வெட்டி பிடிச்ச கையில்லையாம். என்ன வேலை செய்யிறனீ எண்டு உண்மையைச் சொல்லட்டாம்."

பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்கான கதை. எங்கள் வன்னியில் காய்ப்பு இல்லாத கை எவனிடம் இருந்தது? எனக்கே காய்ப்பு இருந்தது. எல்லோர் கையிலும் இருக்க வேண்டியதை மெனக்கெட்டு அழித்துவிட்டு, காய்ப்பு இல்லாத ஒரே ஆளாக அங்கே நின்றான் யோகன். சிப்பாய் கையை விடவும் இல்லை. ஓரத்தில் வேலியடைத்த ஒரு கொட்டில் இருந்தது. அதற்குள் ஏற்கெனவே சிலர் குந்தியிருந்தார்கள். சிப்பாயின் கண் அந்தப் பக்கம் போனதை நான் கண்டேன்.

மாமி, மொழிபெயர்த்தவனின் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினா.

"தம்பி, அந்த ஐயாவுக்குச் சொல்லுங்கோ. அவன் முந்தி வயல் செய்தவன்தான். இப்ப மாசக்கணக்கா மண்வெட்டியைத் தொடுறேல்ல. சாப்பாடும் இல்லை, படுத்துக் கிடக்கிறான். ஆரோ ஒரு பெட்டை. நான் கண் தெரியாதவள், என்ன செய்ய? என்ர கண்ணைக் காட்டிப்போட்டு இவனையும் ஒருக்கா டாக்குத்தரிட்டக் காட்டத்தான் கூட்டிக்கொண்டு போறன்."

யார் யாரைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள் என்று எனக்கே குழம்பிவிட்டது. மொழிபெயர்ப்பாளர் சொல்லச் சொல்ல, சிப்பாய் யோகனின் ஒட்டிய கன்னத்தையும் எலும்பு தெரிந்த கழுத்தையும் பார்த்தான். பிறகு சிரித்தான். கையை விட்டு, அட்டையை நீட்டினான். பெட்டையைப் பற்றி ஏதோ சொன்னான் போலிருக்கிறது, மொழிபெயர்த்த பெடியனும் சிரித்தான், ஆனால் அதை எங்களுக்குச் சொல்லவில்லை.

வவுனியாவில் ஒரு கண்ணை வெட்டினார்கள். கட்டு அவிழ்த்த காலையில் நானும் வார்ட்டில் நின்றேன். நேர்ஸ் பஞ்சை எடுத்துவிட்டு மெல்லக் கண்ணைத் திறக்கச் சொன்னா. மாமி முதலில் யன்னலைப் பார்த்தா. பிறகு என்னைப் பார்த்து, "நீதானே? அப்பிடியேதான் இருக்கிறாய்" என்றா. பிறகு யோகனைப் பார்த்தா. கன நேரம் பார்த்தா. அவன் சேட்டுக்குள் தோளை நிமிர்த்தி நின்றான். எதற்கு நிமிர்த்தினானோ.

"நான் பாக்கிறதுக்கு முதல் எல்லாத்தையும் எங்கையடா கொண்டுபோய்க் கொட்டினனீ?" என்றா.

"வழியில இறக்கி வைச்சிட்டன் அம்மா."

"அப்ப திரும்பிப் போகேக்க எடுத்துக்கொண்டு வா."

"ஓம்" என்றான்.

எடுக்கவில்லை. எடுக்கத் தொடங்கினான் என்று சொல்லவேண்டும். திரும்பி வந்து மறுபடி அச்சில் சில்லு மாட்டினான், மறுபடி விறகு கொத்தினான். கொஞ்சம் வந்தது. மாமி பின்னேரங்களில் கதிரையைத் தூக்கிக்கொண்டு ஆலைப் பக்கம் வந்திருந்து, ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பா. ஒரு வருடமோ கூடவோ அப்படிப் போனது. பிறகு ஷெல் விழத் தொடங்கி ஊரே இடம்பெயரக் கிளம்பியது. வண்டிலில் ஏற்றியதெல்லாம் சட்டி பானையும் நெல்லும் கூரைத் தகரமும். வண்டில் அச்சை யார் ஏற்றுவார்கள்? அதன்பிறகு மரத்தடியும் தறப்பாள் கூரையும் நிவாரண அரிசியும்தான். கையேந்தி வாங்கிய சோற்றில் தாயின் பங்கைக் கூட்டி வைக்கத் தெரிந்ததே தவிர, தோளுக்கு எடுத்து வைக்க அவனுக்கு மனம் வரவில்லை. மாமி நெடுங்கேணிக்கு அங்கால் ஒரு தறப்பாள் கொட்டிலில் மலேரியாவில் போய்ச் சேர்ந்தா. ஊர் பார்த்த அந்த உடம்பை அவ பார்க்கவேயில்லை. எனக்கு அந்தக் காலத்தில் நடந்த பெரிய இழப்புகள் எத்தனையோ உண்டு. இதையும் அவற்றோடு சேர்த்துத்தான் எண்ணுகிறேன்.

படமும் கிடையாது. பிலிம் எங்கே கிடைத்தது? சத்துமா கொடுத்த வீடுகளும் மூட்டையை நின்று பார்த்தவர்களும் ஒவ்வொரு இடப்பெயர்வோடும் சிதறி, கடைசியில் யார் எங்கே என்றே தெரியாமல் போனது. ஆலை நின்ற இடத்தில் இன்று சுவர்கூட இல்லை.

யோகன் இப்போது பேரப்பிள்ளைகளோடு குளிர் நாடொன்றில் இருக்கிறான். இடைக்கிடை தொலைபேசியில் கதைப்போம். சத்துமா மணந்த கதையைச் சொல்லத்தான் அன்று அவனுக்குப் போன் எடுத்தேன். சிரித்தான். முழங்கால் நோவைப் பற்றிக் கொஞ்சம் சொன்னான்.

"மச்சான், ஒண்டு கேக்கட்டே?" என்றான். "இஞ்ச பிள்ளையளுக்குச் சொன்னா நம்புதுகள் இல்லை. எனக்கும் இப்பப் பிடிபடுகுதில்லை. உண்மையா நான் அப்பிடி இருந்தனானே?"

"இருந்தனீ" என்றேன். "நான் பாத்தனான்."